காணாமல் போன மூன்று வளைவுகள்

ஜூலை 7, திங்கள்

டாக்டர் ஹேமலதா என்னை டைரி எழுதச் சொல்லிவிட்டார். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு மலைப்பாதையில் இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டிய திருமலைசாமிக்கு, நாற்பத்தொன்பது வயதில் வீட்டுப்பாடம். பள்ளிக்கூடத்திலேயே நான் அதையெல்லாம் செய்ததில்லை.

விஷயம் இதுதான். ஜனவரியில் எனக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. வைரஸ் என்றார்கள். கோவையில் ஒரு ஆஸ்பத்திரியில் பதினேழு நாள் நினைவில்லாமல் கிடந்தேன். நடுவில் வலிப்பும் வந்ததாம். எமன் வந்து பார்த்துவிட்டு, இவன் வாயோடு நம்மால் மல்லுக்கட்ட முடியாது என்று திரும்பிப் போய்விட்டான். வைரஸும் போய்விட்டது. ஆனால் டாக்டரம்மா இன்றைக்குப் புதுக்கதை சொல்கிறார்.

"குடியிருந்தவன் காலி பண்ணிட்டுப் போயிட்டான், சரி. செவுத்துல எங்கெங்க ஆணி அடிச்சு வெச்சிருக்கான்னு இனிமேதான் தெரியும்."

அதற்குத்தான் டைரி. வலிப்பு, மறதி, காரணமில்லாத கோபம், சும்மா இருக்கும்போதே கொஞ்ச நேரம் நினைவு தப்பிப் போவது, எது வந்தாலும் நேரத்தோடு குறித்து வைக்க வேண்டும். செப்டம்பர் 12ஆம் தேதி கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அதுவரை ஒன்றும் வரவில்லை என்றால், நான் மறுபடி பஸ் ஓட்டலாம் என்று மருத்துவக் குழுவுக்கு எழுதிக் கொடுப்பார். வந்தால் ஸ்டீரிங் இந்த ஜென்மத்துக்கு இல்லை. டிப்போவில் ஒரு மூலையில் நாற்காலி போட்டு ஃபைல் தூக்கும் வேலை கொடுப்பார்கள்.

இந்த டைரியில் என்ன எழுதினால் யாருக்கு நல்லது என்று புரிந்துகொள்ளும் அளவுக்கு மூளை மிச்சம் இருக்கிறது. எனவே, இன்று: ஒன்றுமில்லை.

(டைரி ஒரு தென்னை உரக் கம்பெனி இலவசமாகக் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு அறிவுரை. இன்றைய அறிவுரை: குரும்பை உதிர்ந்தால் கவலை வேண்டாம். சரி, கவலைப்படவில்லை.)

ஜூலை 8, செவ்வாய்

ஒன்றுமில்லை.

ஜூலை 10, வியாழன்

என் மனைவி சுகுணாவுக்கு டீ போடும் கைப்பக்குவம் போய்விட்டது. கல்யாணமாகி இருபத்து நாலு வருஷம் நாக்கைச் சுடும் டீ கொடுத்தவள், இப்போது ஆறி ஆடை கட்டியதைக் கொண்டுவந்து வைக்கிறாள். இந்த வாரத்தில் மூன்றாவது தடவை. கேட்டேன்.

"சூடாத்தானுங்க குடுத்தேன்" என்றாள்.

"அப்பறம் எப்படி ஆறும்?"

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "வேற போட்டுத் தாறேன் இருங்க" என்று டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தன் தப்பை ஒப்புக்கொள்ளும் வழக்கம் அவள் பரம்பரையிலேயே கிடையாது.

உடம்புக்கு ஒன்றுமில்லை.

ஜூலை 12, சனி

காய் வாங்கக் கடைக்குப் போனேன். என்ன காய் என்பது தெரியும். கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. பச்சையாக, நீளமாக, காம்பில் தொப்பி வைத்துக்கொண்டு. பெயர் மட்டும் வரவில்லை. "நறுக்குனா வழவழன்னு வருமே, அது அரைக்கிலோ" என்றேன். கடைக்காரன் சோற்றுக்கற்றாழையை எடுத்துப் போட்டான். நானும் கௌரவத்தை விடாமல் வாங்கி வந்துவிட்டேன்.

சுகுணா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் தலைக்குத் தேய்த்துக்கொண்டாள். மத்தியானம் ரசம். வெண்டைக்காய் என்ற பெயர் சாயங்காலம் நாலு மணிக்கு, கூப்பிடாத விருந்தாளி மாதிரி தானாக வந்தது. இதை மறதியில் சேர்க்க முடியாது. கடைக்காரனின் கிறுக்குத்தனத்தில்தான் சேர்க்க வேண்டும்.

ஜூலை 16, புதன்

டிவியில் சிமெண்ட் விளம்பரம் பார்த்து அழுதேன். அப்பனும் மகனும் சுவர் கட்டுகிறார்கள், அவ்வளவுதான். கேவிக்கேவி அழுதேன். என் சொந்த மாமனார் சாவுக்கு நான் இப்படி அழவில்லை என்பதை சுகுணா நினைத்துப் பார்த்திருப்பாள்.

ஜூலை 19, சனி

அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். (ஆமாம், இப்போது இதுதான் உத்தியோகம்.) திடீரென்று பிரேக் லைனர் கருகும் நாற்றம். எனக்கு அந்த நாற்றம் மல்லிகைப் பூ வாசம் போல அத்துப்படி. மலை இறக்கத்தில் எவனாவது கியரை நம்பாமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் வரும்.

"தெருவுல எவனோ டயரக் கொளுத்தறான்" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் அடிக்கலீங்களே" என்றாள்.

அவளுக்குச் சளி பிடித்திருக்கிறது போல. கத்தி எப்படியோ தரையில் கிடந்தது. கத்திரிக்காய் பாதி அப்படியே இருந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், இந்த வயதில்.

ஒன்றுமில்லை.

ஜூலை 25, வெள்ளி

காலையில் மாசிலாமணி வந்தான், இப்போது எதிரே உட்கார்ந்து டிபன் சாப்பிடுகிறான். என் பஸ்ஸின் கண்டக்டர். பதினொரு வருஷம் நான் ஓட்ட, அவன் விசில் ஊதினான். இப்போது என் வண்டியைக் கனகராஜ் ஓட்டுகிறானாம். கனகராஜ் கிளட்சை மிதிப்பதைப் பார்த்தால் சாணியை மிதித்துவிட்டவன் மாதிரி இருக்கும். அவன் கையில் என் வண்டி படும் பாட்டை நினைத்தால்

நினைத்தால் வயிறு எரிகிறது. பேனா நழுவி ஒரு கோடு இழுத்துக்கொண்டு போய்விட்டது. மட்டமான பேனா. டிபன் ஆறிவிட்டது. மாசிலாமணி எப்போது போனான்? சொல்லிக்கொண்டு போகும் பழக்கமில்லாத பயல்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. சுகுணாவின் அண்ணன் குடும்பம் வந்தது. எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், ஊர்க்கதை. மச்சான் சாப்பிட்டுக்கொண்டே, "மாப்ள, இனி எதுக்கு அந்த மலை ரோடு? பேசாம ஆபீஸ் வேலையா வாங்கிட்டு நிம்மதியா இருங்க" என்றார்.

என் தட்டு கை தவறிச் சுவர்வரை போய்விட்டது.

மச்சான் குடும்பம் பாயசத்துக்கு இருக்கவில்லை. சுகுணா சோற்றைக் கூட்டி அள்ளினாள். நான் உதவிக்குப் போனேன், வேண்டாம் என்றாள். அவள் பயந்த மாதிரி இருந்தது. என்னைப் பார்த்தா? இருபத்து நாலு வருஷத்தில் அவள் என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள், தலையில் அடித்துக்கொண்டிருக்கிறாள், பயந்ததில்லை. வெட்கமாக இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டை நானே செய்தேன். உப்புமா. இருவரும் சாப்பிட்டோம், அதுவே பெரிய தண்டனை.

ஆகஸ்ட் 6, புதன்

இன்று நிறைய எழுத வேண்டும். அரசாங்கத்தின் லட்சணத்தை நாடு தெரிந்துகொள்ளட்டும்.

மாசிலாமணியிடம் சொல்லிவிட்டு என் பஸ்ஸிலேயே வால்பாறைக்குப் போனேன், பயணியாக. எனக்கு நானே வைத்துக்கொண்ட பரீட்சை அது. இந்த ரோட்டில் நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் நம்பர் பலகை உண்டு. எந்த வளைவில் எந்த கியர், எங்கே ஹாரன், எங்கே எதிரே லாரி ஏறினால் ஒதுங்கி நிற்க வேண்டும், எல்லாம் எனக்கு மனப்பாடம். டிரைவர் பக்கத்தில் இன்ஜின் மூடிமேல் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு வளைவாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஏற்றத்தில் நாற்பதும் சரி. ஒன்றுகூடத் தப்பவில்லை. ஒன்பதாவது வளைவில் வரையாடு நான்கு நின்றன. அவற்றுக்கு என்னை அடையாளம் தெரிந்திருக்கும்.

வால்பாறையில் டீ குடித்துவிட்டு இறங்கினோம். இறக்கத்தில் நாற்பதிலிருந்து கீழே எண்ண வேண்டும். முப்பது, இருபத்தைந்து, நன்றாகத்தான் போனது. இருபத்தொன்று தாண்டியதும் லைனர் கருகும் நாற்றம் குப்பென்று வந்தது.

"டேய் கனகராஜ், பிரேக்க விட்றா! லைனர் கருகுது, செகண்ட் கியர் என்னத்துக்கு இருக்குது?" என்று கத்தினேன்.

"பிரேக்குல கால வெக்கவே இல்லீங்ணா" என்றான். புளுகன்.

அடுத்து வந்த பலகையைப் பார்க்கிறேன்: பதினேழு! இருபது, பத்தொன்பது, பதினெட்டு மூன்றையும் காணோம். நெடுஞ்சாலைக்காரர்கள் பிடுங்கிப்போட்டுவிட்டார்கள். மலையில் பலகையில்லாத வளைவு என்பது பெயரில்லாத பிள்ளை மாதிரி. மூடுபனி நாளில் புது டிரைவர் எவனாவது வந்தால் என்ன ஆவான்?

மாசிலாமணியிடம் சொன்னேன். அவன் என் தோளில் கை வைத்துக்கொண்டு, "கொஞ்சம் தண்ணி குடிங்ணா" என்றான். பொது நலத்தில் அக்கறையில்லாதவன். அந்தக் குளிரில் என் சட்டையில் மூன்று பொத்தான் திறந்து கிடந்தது. தையல்காரனையும் ஒரு நாள் கவனிக்க வேண்டும்.

பரீட்சையில் நான் பாஸ். ஃபெயில் ஆனது நெடுஞ்சாலைத் துறை.

ஆகஸ்ட் 7, வியாழன்

மனு எழுதித் தபாலில் போட்டேன். நான்கு பக்கம். "மூன்று வளைவுப் பலகைகளை அகற்றிய பொறுப்பற்ற செயல்" என்று தலைப்பு. ஒரே மூச்சில் எழுதினேன், எந்தச் சொல்லும் மறக்கவில்லை. டாக்டரம்மா இதைப் படித்தால் இன்றைக்கே ஸ்டீரிங்கைக் கொடுத்துவிடுவார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

நெடுஞ்சாலை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். சின்னக் குரல், ரொம்ப மரியாதை.

"சார், ஆள் அனுப்பிப் பாத்துட்டோம். நாப்பது பலகையும் இருக்குதுங்களே. போட்டோ அனுப்பட்டுங்களா?"

"பழைய போட்டோவா இருக்கும்மா" என்று வைத்துவிட்டேன்.

கபடதாரிகள். மனு போனதும் ராத்திரியோடு ராத்திரியாக நட்டு வைத்திருப்பார்கள். நானே நேரில் போய்ப் பார்ப்பேன்.

ஆகஸ்ட் 20, புதன்

போய்ப் பார்த்தேன்.

இறக்கத்தில் பத்தொன்பதில் இறங்கிக்கொண்டேன். மாசிலாமணியும் என்னோடு இறங்கினான். கனகராஜ் அகலமான இடத்தில் வண்டியை ஓரங்கட்டினான். "குரங்கு பாக்கறதுன்னா பாருங்க, அஞ்சு நிமிசம்" என்று பயணிகளிடம் சொன்னான். இருந்தது ஒரே குரங்கு. அது எங்களைத்தான் பார்த்தது.

பலகை நின்றுகொண்டிருந்தது. புதுப் பெயிண்ட்டாக இருக்கும் என்று நகத்தால் சுரண்டினேன். பின்பக்கம் முழுக்கப் பாசி. கம்பத்தின் அடி சிமெண்டில் செடி முளைத்து, பூவும் விட்டிருந்தது. இரண்டு வாரத்தில் நட்ட கம்பத்தில் இதெல்லாம் வராது. இது எனக்கே தெரியும்.

மாசிலாமணி விசிலை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னான்.

"அன்னிக்கு நீங்க கனகராஜத் திட்டுனீங்க பாருங்ணா. திட்டி முடிச்சதும் அப்படியே செல மாதிரி ஆயிட்டீங்க. கண்ணு தொறந்துதான் இருக்குது. வாய மட்டும் எதயோ மெல்லற மாதிரி மென்னீங்க. சட்டப் பித்தானக் கழட்டுனீங்க. நான் கூப்புட்டேன், தோளப் புடிச்சு உலுக்குனேன். பதினேழு கிட்ட வந்துதான் திரும்பிப் பாத்தீங்க."

"சும்மா வளைவப் பாத்துட்டு இருந்தேன்டா."

"பலகை அங்கயேதான் இருந்துதுங்ணா. நீங்கதான் இல்ல."

கை நீட்டி அறைந்துவிட்டிருப்பேன். ஆனால் அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. என்னோடு பதினொரு வருஷம் கத்திக்கொண்டே வேலை பார்த்தவன், இன்றைக்குத்தான் இவ்வளவு மெதுவாகப் பேசினான். "வீட்டுக்கு வந்தனே, அன்னிக்கும் இப்படித்தான். அக்காகிட்டச் சொல்லிட்டுத்தான் போனேன்" என்றான்.

இருபதில் எதிரே வண்டி தெரியாது, ஹாரனை நம்பித்தான் திரும்ப வேண்டும். பத்தொன்பதில் ஸ்டீரிங்கை முழுசாக ஒடித்து உடனே விடவேண்டும். பதினெட்டில் தடுப்புச் சுவர் இடுப்பு உயரம்கூட இல்லை, கீழே பார்த்தால் ஆழியாறு அணை ஒரு தட்டளவு தெரியும். மூன்று வளைவு, இரண்டு நிமிஷம். பஸ்ஸில் அன்றைக்கு ஐம்பது பேராவது இருந்திருப்பார்கள்.

டாக்டரம்மாவுக்குக் காட்ட வேண்டிய பகுதி: ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

மாசிலாமணிக்குக் கண் சரியில்லை. அவனுக்கு என்ன தெரியும், பத்தாம் வகுப்பு ஃபெயில்.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை பிடித்துக் கொடுத்தேன். என் கொழுக்கட்டையைப் பார்த்து சுகுணா சிரித்தாள், ரொம்ப நாளைக்கு அப்புறம். பிறகு நாற்றம் வந்தது. பிறகு நான் கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தேன், அவள் ஈரத்துணியால் என் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கொழுக்கட்டை நன்றாக வந்திருந்தது.

இன்றைக்கு ‘ஒன்றுமில்லை’ என்று எழுதக் கை வரவில்லை. எழுதாமல் விடுகிறேன். எழுதாமல் விட்டால் பொய் இல்லை அல்லவா?

செப்டம்பர் 5, வெள்ளி

டிப்போ மேலாளர் போன் செய்தார். மலை ரூட்டுக்கு ஆள் பற்றாக்குறையாம். "உங்கள மாதிரிக் கைராசி யாருக்குங்க வரும்? டாக்டர் சீட்டு வாங்கிட்டு சீக்கிரம் வந்துடுங்க" என்றார். இந்த மனிதர் பத்து வருஷத்தில் என்னைப் பாராட்டியது இதுதான் முதல் தடவை. அந்த மூடுபனியில் முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு, ஐம்பது பேர் பின்னால் தூங்க, நான் ஒருத்தன் மட்டும் முழித்திருந்து கொண்டுபோய்ச் சேர்ப்பேனே, அது எனக்கு வேண்டும். வேறு எதுவும் எனக்குத் தெரியாது. ஊரில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, டிரைவரண்ணன்தான். ஃபைல் தூக்குகிறவனை என்னவென்று கூப்பிடுவார்கள்?

டைரியைப் புரட்டிப் பார்த்தேன். மாசிலாமணி சொன்ன பக்கத்தைப் பிளேடால் கிழித்துவிட்டால் சுத்தமான டைரி. பிளேடு எடுத்தேன், கிழிக்காமல் வைத்துவிட்டேன். அப்புறம் எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு நோட்டு வாங்கி, வெறும் தேதியும் ‘ஒன்றுமில்லை’யும் மட்டும் வரிசையாக எழுதி வைத்தேன். நான்கு நிறப் பேனாவில், நாள்தோறும் எழுதியது போலவே. மூளை பழுது என்கிறவன் எவனாவது இவ்வளவு யோசிப்பானா?

செப்டம்பர் 12, வெள்ளி

கோவைக்குப் போனோம், சுகுணாவும் வந்தாள். டாக்டரம்மாவிடம் புது நோட்டைக் கொடுத்தேன். புரட்டினார்.

"ரெண்டு மாசத்துல ஒண்ணுமே இல்லையா? தலைவலிகூட இல்லையா?"

"கல்லு மாதிரி இருக்கேனுங்க."

போனவாரம் எடுத்த மூளை அலைப் பரிசோதனையும் பெரிதாக எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. பேனாவைத் திறந்து மருத்துவக் குழுவுக்கான தாளில் என் பெயரை எழுதினார். பெயருக்கு அப்புறம் வயது எழுதினார். பிறகு தலையைத் தூக்கி சுகுணாவைப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்கம்மா. கூடவே இருக்கறவங்க நீங்கதான். ஏதாவது பாத்தீங்களா?"

சுகுணா முந்தானையை முறுக்கினாள். "அவரு எழுதுனா சரியாத்தானுங்க இருக்கும்."

"நேராவே கேக்கறேன். இவர் ஓட்டற பஸ்ஸுல, அந்த மலையில, நீங்க ஏறுவீங்களா?"

"நாளைக்கு ஓட்டுனாலும் ஏறுவேனுங்க" என்றாள். கொஞ்சமும் யோசிக்கவில்லை.

அவள் பொய் சொல்லவில்லை. என் மனைவிக்குப் பொய் சொல்லத் தெரியாது, பொய் சொன்னால் மூக்கைத் தொடுவாள். மூக்கைத் தொடவில்லை. இவள் நிஜமாகவே ஏறுவாள். ஆறின டீயும், தரையில் கிடந்த கத்தியும், வாய் துடைத்த ஈரத்துணியும் எல்லாம் தெரிந்தவள், டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து உட்காருவாள். ஐம்பது பேர் முகமில்லாத ஐம்பது பேராக இருந்தவரைக்கும் சமாளித்துவிட்டேன். இவள் உட்கார்ந்தால் முடியாது.

"டாக்டரம்மா, எழுதாதீங்க" என்றேன்.

பையிலிருந்து இந்த டைரியை எடுத்து மேசைமேல் வைத்தேன். கொண்டுவர வேண்டாம் என்றுதான் நினைத்தேன், ஏன் கொண்டுவந்தேன் என்று தெரியவில்லை. நாற்றம், பொத்தான், மூன்று வளைவு, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது சிமெண்ட் விளம்பரம் பார்த்தவன் மாதிரி அழுதேன். இந்தத் தடவை காரணம் இருந்தது.

"எத்தனை தடவை வந்திருக்கும்?"

"நாலஞ்சு தடவ இருக்குமுங்க."

"பத்தொம்பதுங்க" என்றாள் சுகுணா, தரையைப் பார்த்துக்கொண்டு. "எனக்குத் தெரிஞ்சு."

டாக்டரம்மா அந்தத் தாளை எடுத்துக் கிழிக்காமல் மடித்து ஓரமாக வைத்தார். இதுவும் வலிப்புதான் என்றார், கீழே விழாத வலிப்பு. மாத்திரையைக் கூட்டி எழுதினார். ஓட்டும் வேலை இனி கூடாது, வேறு வேலை தரச் சொல்லி டிப்போவுக்கு நானே எழுதுகிறேன் என்றார். டைரியைத் திருப்பி வாங்கிக்கொண்டு, கும்பிட்டுவிட்டு நாங்கள் வெளியே வந்தோம்.

பஸ் ஸ்டாண்டில் சுகுணா பிடித்துக்கொண்டாள். "அறிவிருக்குதுங்களா உங்களுக்கு? கையெழுத்துப் போடப் போனவங்களப் போயி நிறுத்தறீங்க! இனி அந்த வண்டியப் பாத்துப் பாத்து ஏங்கிச் சாவீங்க, அதையும் நாந்தான் பாக்கோணும்" என்று, சுற்றி நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி திட்டினாள். திட்டி முடித்து மூக்கைச் சிந்தினாள்.

"பத்தொம்பது தடவ எண்ணி வெச்சிருக்க" என்றேன். "அப்பறம் எந்த தைரியத்துல ஏறுவேன்னு சொன்ன?"

என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"பின்ன? உங்கள மட்டும் தனியா பள்ளத்துல விழுகறதுக்கு உட்டுருவனா?"